உப்புக்காற்றில் ஓவர்கிளாக்: மண்டபத்திலிருந்து ஒரு வழிகாட்டி

மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கு வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல். வாடை அடித்தால் வடகடல் உப்பு வரும், கச்சான் அடித்தால் தென்கடல் உப்பு. ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் இரண்டு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கிராபிக்ஸ் கார்டை (கம்ப்யூட்டரில் படம் வரைகிற பலகை) ஓவர்கிளாக் செய்வது, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, எப்படி என்று எழுதுவது கொஞ்சம் குசும்புதான். ஆனாலும் கேட்கிறார்கள். இணையத்தில் கிடைக்கிற செய்முறைகளை எழுதியவர்கள் பெரும்பாலும் குளிர்ந்த அறையில் இருந்து எழுதுகிறார்கள். சித்திரை மாதம் நம் மச்சு அறையில் மதியம் 35 டிகிரி.

முக்கியமாகக் கேட்பவன் என் மச்சினன். விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில், இவன் கம்ப்யூட்டர் முன்னால். வருஷத்திலேயே வெயில் உச்சத்தில் இருக்கும் இரண்டு மாதத்தில்தான் அவன் கார்டு நாள் முழுக்க ஓடும். "மச்சான், கார்டை இன்னும் கொஞ்சம் ஏத்திவிடுங்களேன்" என்று போன வருஷம் வந்து நின்றான். அவனுடைய கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். கீழே வரும் எண்களெல்லாம் அந்த ஒரு கார்டில், ஒரே விளையாட்டின் ஒரே காட்சியில் நாங்கள் குறித்துக்கொண்டவை. உங்கள் கார்டில் வேறு மாதிரி வரும். வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுவது என்றால் எதை?

கார்டில் நாம் தொடக்கூடியவை நான்கு: கோரின் (கணக்குப் போடும் மையச் சில்லு) வேகம், மெமரியின் வேகம், கோருக்குப் போகும் வோல்டேஜ், கார்டு இழுக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட மின்சாரத்தின் எல்லை. வேகம் கூடினால் மின்சாரம் அதே விகிதத்தில் கூடும். வோல்டேஜ் அப்படியில்லை, அதன் வர்க்கத்தில் கூடும். 1.0 வோல்ட்டை 0.9 ஆக்கினால் வேகம் மாறாமலே கோர் எரிக்கும் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதுதான் கைகொடுக்கப்போகிறது.

இழுத்த மின்சாரம் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். என் மச்சினனுக்கு இதைப் படகு எஞ்சினை வைத்துத்தான் சொன்னேன். ஆக்சிலேட்டரை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். எஞ்சினுக்குள் போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் தண்ணீர் வெளியே கொட்டிக்கொண்டே இருக்கிற வரைக்கும்தான். கொட்டுவது நின்றால் எஞ்சின் சிக்கிக்கொள்ளும். கார்டில் தண்ணீருக்குப் பதில் காற்று. அந்தக் காற்றே 35 டிகிரியில் உள்ளே போனால் எவ்வளவு சூட்டை வாங்கிவிடும்?

நல்லவேளையாக, இன்றைய கார்டுகள் எஞ்சினைவிடப் புத்திசாலி. என்விடியா கார்டுகள் சூடு கூடக்கூட 15 மெகாஹெர்ட்ஸ் போலப் படிபடியாகத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல கார்டுகளில் வழக்கமாக வைத்திருக்கும் 83 டிகிரி எல்லைவரை காத்திருக்காது, அதற்கு வெகு முன்பே இறங்கத் தொடங்கிவிடும். அதனால்தான் ஒரே கார்டு ஏசி அறையில் ஒரு வேகம், நம் வீட்டில் ஒரு வேகம். இதிலிருந்தே தெரிகிறது: சூட்டைக் குறைப்பதே ஒரு சின்ன ஓவர்கிளாக்.

ஏற்றினால் பயன் உண்டா என்று முதலில் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் அதிகம். கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி வேலரன்ட் ஆடுகிறவன், போனில் கூப்பிட்டான். "காக்கா, ஒரு வாரமா ஏத்துறேன், ஒரு பிரேம்கூடக் கூடலையே!" (காக்கா என்றால் அங்கே அண்ணன்; பிரேம் என்பது விநாடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை.) அவனுடைய கார்டு ஆட்டத்தின் நடுவில் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். 55. அதாவது கார்டு பாதி நேரம் சும்மா இருக்கிறது. வேலை தராமல் திணறுவது பிராசசர். இப்படிப்பட்ட இடத்தில் கார்டை எவ்வளவு ஏற்றினாலும் கரண்ட்தான் செலவு. போன் விளையாட்டுகளை எமுலேட்டர் வைத்துக் கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

எம்எஸ்ஐ ஆப்டர்பர்னரை நிறுவிக்கொள்ளுங்கள், கார்டின் வேகத்தையும் சூட்டையும் பார்க்கவும் மாற்றவும் உதவும் நிரல் அது. எம்எஸ்ஐ கார்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், எந்தக் கம்பெனி கார்டுக்கும் அது வேலை செய்யும். ஆனால் எம்எஸ்ஐயின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்; இதே பெயரில் போலித் தளங்கள் வைத்து வைரஸ் ஏற்றியனுப்பும் கூட்டம் உண்டு. கூடவே வரும் ரிவாட்யூனர், ஆட்டத்தின் மூலையிலேயே உழைப்புச் சதவீதம், டிகிரி, வாட், பிரேம் எல்லாவற்றையும் காட்டும். உழைப்பு 95க்கு மேல் நின்றால் மேலே படியுங்கள். 70க்குக் கீழே என்றால் கார்டை விட்டுவிட்டு வேறு இடத்தில் குறையைத் தேடுங்கள்.

பவர் சப்ளையையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மதர்போர்டு சொருகியிலிருந்து 75 வாட், ஆறு முள் இணைப்பிலிருந்து 75, எட்டு முள் இணைப்பிலிருந்து 150 என்பது கணக்கு. மேலே '450 வாட்' என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி, கையில் தூக்கினால் காகிதம்போல் கனமில்லாமல் இருக்கும் பெட்டி வைத்திருப்பவர்கள் ஓவர்கிளாக் ஆசையை இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. சாயங்காலம் லோ வோல்டேஜில் மின்விசிறி தள்ளாடும் நேரத்தில் பவர் சப்ளை அதே வாட்டுக்கு அதிக ஆம்பியர் இழுத்தாக வேண்டும், அதுவும் சூடாகும். அந்த நேரத்தில் கார்டு வேறு கூடுதலாகக் கேட்டால் சிஸ்டம் பொட்டென்று அணையும். நீங்கள் கார்டைத் திட்டுவீர்கள்.

உப்பை இறக்குங்கள்

ஓவர்கிளாக் கட்டுரையில் துடைப்பதற்கு இவ்வளவு இடமா என்று கேட்கலாம். நம் கரையில் வேலையில் பாதி இதுதான்.

சாதாரணத் தூசி காற்றை அடைக்கும், அவ்வளவே. உப்பு அதோடு நிற்காது. காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுக்களையில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலை கார்டின் மேலும் நடக்கும். நம் ஊரில் பல இரவுகள் அந்த அளவைத் தாண்டியவை. கம்ப்யூட்டரை அணைத்துக் குளிரவிட்டால், கார்டில் படிந்த உப்பு ராத்திரியில் நீராகிப் பலகையின் மேல் மெல்லிய படலமாகப் படரும். உப்புநீர் மின்சாரம் கடத்தும். காலையில் பொத்தானை அமுக்கும்போது அது காயாமல் இருந்தால் என்னவாகும் என்று சொல்லவேண்டியதில்லை. அதனால்தான், தினமும் ஓடும் கம்ப்யூட்டரைவிட, ஆறு மாதம் மூடிக்கிடந்து திடீரென்று போடுகிற கம்ப்யூட்டர் இங்கே சீக்கிரம் போகிறது.

மச்சினன் கார்டைக் கழற்றிய அன்று கண்டது இது. விசிறிக்குப் பின்னால் அலுமினியத் தகடுகளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது, பழைய சுவரில் உவர் பூப்பது மாதிரி. விரலில் ஒட்டியது, நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. (நீங்கள் வைக்க வேண்டாம்.) செம்புக் குழாய் வளைகிற இடத்தில் பச்சை. பின்தகட்டில் இருந்த நான்கு ஸ்க்ரூவில் ஒன்று துருவில் தலை மழுங்கிப்போய் ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்கவே இல்லை. கேஸின் அடியில் காய்ந்த பல்லி ஒன்று. வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

செய்முறை இதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அமுக்கி மிச்சக் கரண்டை இறக்குங்கள். கார்டைக் கழற்றி வெளியே, காற்று வராத இடத்துக்குக் கொண்டுபோங்கள். விசிறி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு புளோவர் அடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் இறக்கை அசுர வேகத்தில் சுற்றிப் பேரிங் போகும். அப்புறம் மென்மையான பெயின்ட் பிரஷ். உப்பு காற்றுக்கு மட்டும் போகாது, அதற்கு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர்; சானிடைசரில் இன்னும் என்னென்னவோ. இரண்டும் வேண்டாம். பிரஷில் தொட்டுத் தகட்டையும், பலகையில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தையும் துடைத்து, ஒரு மணி நேரமாவது விசிறிக் காற்றில் காயவையுங்கள்.

கார்டை முழுதாகப் பிரித்துத் தெர்மல் பேஸ்ட் (சில்லின் சூட்டை மேலே கடத்தும் பசை) மாற்றுவது அடுத்த கட்டம். வாரன்ட்டி இருந்தால் பிரிக்காதீர்கள். வாரன்ட்டி முடிந்து, துடைத்த பிறகும் சூடு இறங்கவில்லை என்றால் மட்டும் பிரியுங்கள். மெமரிச் சில்லுகளின் மேல் ரப்பர் மாதிரி இருக்கும் தெர்மல் பேடுகள் கிழிந்தால் அதே கனத்தில்தான் புதியது போடவேண்டும். அரை மில்லிமீட்டர் தடித்தால் கோரின் மேல் ஹீட்சிங்க் (சூட்டை வாங்கும் அந்த உலோகத் தகட்டுக் கட்டு) சரியாக உட்காராது.

உள்ளே வரும் காற்றின் வழியில் ஒரு துண்டுக் கொசுவலையை இரட்டையாக மடித்து ஒட்டிவிடுங்கள். உப்பைத் தடுக்காது, மணலையும் பல்லியையும் தடுக்கும். கேஸின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பிவைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நாலு டிகிரி இறங்கும், கச்சான் காலத்தில் நாலு மாதத்தில் உவர் பூக்கும். கடலைப் பார்த்த ஜன்னலோரத்திலும் கேஸை வைக்க வேண்டாம்.

துடைப்பதற்கு முன் மச்சினன் கார்டு 34 டிகிரி அறையில் 83 தொட்டது, சராசரி 68 பிரேம். துடைத்துப் பேஸ்ட் மாற்றியபின் 74 டிகிரி, 71 பிரேம். ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட இன்னும் ஏற்றவில்லை.

இருக்கும் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். மறந்துவிடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. முதல் நாள் ஆர்வத்தில் எதை எப்போது மாற்றினோம் என்றே தெரியாமல் போய்விடும். முதல் வரி அறையின் வெப்பநிலை. சுவர்க்கடிகாரத்தில் வெப்பநிலை காட்டும் ரகம் இருந்தாலே போதும். கார்டு 74 டிகிரி என்பது தனியாக ஒன்றும் சொல்லாது. அறையைவிட 40 கூடுதல் என்பதுதான் அளவு. மின்சாரமும் விசிறி வேகமும் மாறாதவரை அந்த 40 ஏறக்குறைய அப்படியே நிற்கும். மார்கழியில் அறை 26 என்றால் கார்டு 66.

சோதனைக்கு யூனிஜின் ஹெவன் அல்லது சூப்பர்பொசிஷன்; கார்டுக்கு வேலை கொடுத்து மதிப்பெண் போடும் நிரல்கள், இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். 20 நிமிடம் ஓடவிடுங்கள். முதல் ஐந்து நிமிட எண்ணை நம்பாதீர்கள், ஹீட்சிங்க் முழுதாகச் சூடேற நேரமாகும். ஃபர்மார்க் வேண்டாம், எந்த விளையாட்டும் கேட்காத அளவுக்குக் கார்டைப் பிழிந்தெடுக்கும் நிரல் அது, நம் வெயிலில் அதற்கு அவசியமில்லை. ஜிபியு-இசட் என்ற சிறு நிரல் கார்டின் மெமரி எந்தக் கம்பெனி என்பதுவரை காட்டும், அதையும் குறியுங்கள்.

பழைய கார்டு வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளைக் கணக்குப் போடவிட்டு நாணயம் சம்பாதிக்கும் 'சுரங்கம் தோண்டும்' முறையைக் கைவிட்டது. அதுவரை இரவுபகலாக ஓடிய கார்டுகள் மூட்டைமூட்டையாகச் சந்தைக்கு வந்தன. நானும் ஒரு கடையில் அப்படியொன்றை 'ஆறு மாசம்தான் ஓடினது' என்ற வாக்கில் வாங்கினேன். விசிறி இரண்டாம் வாரமே முனகியது. கோரைவிட விசிறியும் தெர்மல் பேடும்தான் அந்தக் கார்டுகளில் முதலில் ஓய்ந்திருக்கும். அவற்றை மாற்றாமல் ஏற்றத் தொடங்காதீர்கள்.

ஏற்றும் வரிசை

ஆப்டர்பர்னரைத் திறந்தால் சில நெம்புகோல்கள் தெரியும். வோல்டேஜ் கூட்டும் முதல் நெம்புகோலை மறந்துவிடுங்கள், அது நமக்கு வேண்டாம். பவர் லிமிட்டை அது போகும் கடைசிவரை தள்ளுங்கள். பயப்படவேண்டியதில்லை, எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் கார்டுக்காரரே பயாஸில் (கார்டுக்குள்ளேயே பதித்த நிரல்) பூட்டி வைத்திருப்பார். பயாஸையே மாற்றி அந்தப் பூட்டை உடைக்கச் சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து ரசியுங்கள், செய்யாதீர்கள்.

அடுத்து விசிறி. தானாக விட்டால் சத்தம் வராமல் இருப்பதிலேயே கார்டு குறியாக இருக்கும். விசிறி வளைவைத் திறந்து 60 டிகிரியில் 50 சதவீதம், 70இல் 70, 78இல் 85 என்று புள்ளி வையுங்கள். சத்தம் வரும். மச்சினன் வீட்டில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. மேலே ஓடும் சீலிங் ஃபேன் அதைவிடச் சத்தம்.

இனி கோர் க்ளாக். 30 கூட்டி டிக் குறியை அமுக்குங்கள். பத்து நிமிடச் சோதனை. ஒன்றும் ஆகவில்லையா, இன்னும் 30. இப்படியே போனால் ஒரு கட்டத்தில் படம் உறையும், அல்லது திரை கறுத்துத் திரும்ப வரும், அல்லது ஆட்டம் தானே மூடிக்கொண்டு டெஸ்க்டாப்பில் விட்டுவிடும். பதறவேண்டாம். கார்டு இரண்டு விநாடி பதில் சொல்லாமல் போனால் விண்டோஸ் டிரைவரை மறுபடி எழுப்பிவிடும். விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 4101 என்ற எண்ணில் அது பதிவாகியிருக்கும். எது நின்றது, எது நிற்கவில்லை என்று பிறகு குழப்பம் வந்தால் அங்கே போய்ப் பாருங்கள். விழுந்த இடத்திலிருந்து 30 அல்லது 45 பின்வாங்குங்கள். மச்சினன் கார்டு 120இல் விழுந்தது, 90இல் நிறுத்தினோம்.

கோரைப் பழையபடி பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மெமரிக்கு வாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் விழுந்தது எது என்று கண்டுபிடிக்க முடியாது. மெமரியின் எண்கள் புதியவர்களைக் குழப்பும்: 1660 சூப்பரின் மெமரி ஜிபியு-இசட்டில் 1750 என்று காட்டும், ஆப்டர்பர்னரில் 7000 என்று காட்டும், பெட்டியில் 14 ஜிகாபிட் என்று போட்டிருக்கும். மூன்றும் ஒன்றுதான். ஆப்டர்பர்னரில் 600 கூட்டினால் ஜிபியு-இசட்டில் 150 கூடும், பெட்டிக் கணக்கில் 15.2 ஆகும்.

இங்கே 100, 100 ஆக ஏறுங்கள். மெமரி எல்லை மீறினால் திரையில் வண்ணப் புள்ளிகள் மின்னும், முக்கோணமாக எதையாவது இழுத்துக் காட்டும். இதைவிட நைசான அறிகுறி ஒன்று உண்டு: புதிய வகை மெமரியில் பிழை வந்தால் திரையில் ஒன்றும் தெரியாமலேயே அது தரவைத் திரும்ப அனுப்பிச் சமாளித்துக்கொண்டிருக்கும். பார்க்க நன்றாக ஓடும், மதிப்பெண் மட்டும் இறங்கும். ஆகவே ஒவ்வொரு நூறுக்கும் மதிப்பெண்ணைக் குறியுங்கள். 700இல் ஏறிய எண் 800இல் இறங்கினால், 600க்கு வந்து நில்லுங்கள். 'ஆயிரம் ஏத்தினேன், ஒண்ணும் ஆகல' என்று பெருமை பேசுகிறவர்களில் பாதிப்பேர் இறங்கிய மதிப்பெண்ணைப் பார்க்காதவர்கள்தான்.

இரண்டையும் சேர்த்துப் போட்டு ஒரு மணி நேரம் நீங்கள் நிஜமாக ஆடும் விளையாட்டையே ஆடுங்கள். அதை மதியம் இரண்டு மணிக்குச் செய்யுங்கள், ராத்திரி பதினொன்றுக்குச் செய்யாதீர்கள். சூடு கூடினால் அதே வேகத்தைத் தாங்கும் சக்தி சில்லுக்குக் குறையும். மார்கழி ராத்திரியில் நின்ற எண் அக்னி நட்சத்திரத்தில் நிற்காது.

எங்களுக்குக் கிடைத்தது: 77 பிரேம், 79 டிகிரி, அறை 34. துடைத்த கார்டைவிட ஆறு பிரேம் லாபம், ஐந்து டிகிரி நஷ்டம், காதில் விசிறி. மச்சினனுக்குத் திருப்தி. எனக்கு அந்த 79 உறுத்திக்கொண்டே இருந்தது. அக்னி நட்சத்திரத்தில் அறை 37 ஆனால் அது 82. கார்டு தானே வேகத்தைக் குறைத்து நாம் ஏற்றியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

வோல்டேஜை இறக்குங்கள்

இதுதான் எங்கள் ஊருக்குத் தோதான வேலை என்பது என் முடிவு. 'அண்டர்வோல்ட்' என்பார்கள். கார்டு கம்பெனி எல்லாச் சில்லுக்கும் பொதுவாகக் கொஞ்சம் தாராளமாகவே வோல்டேஜ் வைத்திருக்கும். சுமாரான சில்லும் ஓடவேண்டுமே. உங்கள் சில்லு சுமாரானதாக இல்லாவிட்டால் அந்தத் தாராளம் வீண் சூடு.

ஆப்டர்பர்னரில் கண்ட்ரோல் பொத்தானோடு எஃப் அமுக்கினால் ஒரு வளைகோடு வரும். குறுக்கே வோல்டேஜ், நெடுக்கே வேகம். ஆட்டத்தின்போது உங்கள் கார்டு எந்த வேகத்தில் நிற்கிறது என்பதை முன்பே குறித்திருப்பீர்கள். 1900 என்று வைத்துக்கொள்வோம், 1.0 வோல்ட்டுக்கு அருகில். முதலில் கோர் க்ளாக்கை 200 குறைத்து டிக் அமுக்குங்கள், கோடு முழுதும் கீழே இறங்கும். இப்போது 0.9 வோல்ட்டுக்கு நேரே இருக்கும் புள்ளியை மட்டும் பிடித்து 1900க்குத் தூக்கி மறுபடி டிக் அமுக்குங்கள். அந்தப் புள்ளிக்கு வலப்பக்கம் கோடு தரைபோலச் சமமாகிவிடும். அதற்குமேல் கார்டு வோல்டேஜ் கேட்காது.

விழுந்தால் 1900ஐ 1875 ஆக்குங்கள், அல்லது 0.9ஐ 0.925 ஆக்குங்கள். இரண்டு சாயங்கால வேலை. கோர் இப்படி அடங்கியதும் மெமரிக்கு ஏற்கெனவே கண்டுபிடித்த 600ஐப் போடுங்கள். மெமரியை ஏற்றுவதால் கூடும் சூடு கொஞ்சம்தான். கிடைப்பதோ இந்த மாதிரிக் கார்டில் கணிசம்.

மச்சினன் கார்டில் கடைசி எண்: 75 பிரேம், 67 டிகிரி, அதே 34 டிகிரி அறை. முழுமூச்சாக ஏற்றியதைவிட இரண்டு பிரேம் குறைவு, 12 டிகிரி குறைவு. கார்டு 125 வாட்டுக்குப் பதில் நூறை ஒட்டி இழுத்தது. விசிறி மெதுவாகச் சுற்றுவதால் உள்ளே இழுத்துவிடும் உப்பும் குறைவு. ஏற்றியபோது இழுத்ததற்கும் இதற்கும் 35 வாட் போல வித்தியாசம். தினம் நாலு மணி நேரம் ஆடினால் இரண்டு மாதக் கணக்கில் எட்டு யூனிட்டு மிச்சம். தடைக்காலத்தில் வருமானமில்லாமல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதுவும் ஒரு கணக்கு.

ஏஎம்டி கார்டுக்காரர்களுக்கு வேலை சுலபம். அட்ரினலின் மென்பொருளுக்குள்ளேயே டியூனிங் பக்கம் இருக்கிறது, அண்டர்வோல்ட் என்ற ஒற்றைத் தேர்வும் உண்டு. அதில் ஜங்ஷன் டெம்பரேச்சர் என்று தனியாக ஓர் எண் காட்டும், சில்லின் மிகச் சூடான புள்ளி அது. ரேடியான் 6000 வரிசையில் அதற்கு 110 டிகிரிவரை அனுமதி என்பதால் 90ஐப் பார்த்து மிரளாதீர்கள். கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஏற்றும் பகுதியை விட்டுவிட்டுத் துடைப்பதையும் வோல்டேஜ் இறக்குவதையும் மட்டும் செய்தால் போதும். லேப்டாப்பில் ஏற்றுவதற்குச் சூட்டில் இடமே இல்லை.

சேமித்து வைக்கும்போது

ஆப்டர்பர்னரில் ஒன்று முதல் ஐந்துவரை சேமிக்க இடம் உண்டு. 'விண்டோஸ் தொடங்கும்போதே போடு' என்ற தேர்வை ஒரு வாரம் கழித்தே போடுங்கள். முதல் நாளே போட்டுவிட்டு எண் தவறாக இருந்தால், ஒவ்வொரு முறையும் உள்ளே நுழைந்ததும் திரை கறுக்கும். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் சேஃப் மோடில் நுழைந்து ஆப்டர்பர்னரை நீக்கினால் தப்பிக்கலாம்.

கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டரிலோ யுபிஎஸ்ஸிலோ ஓடும்போது ஏற்றிய எண்களோடு ஆடாதீர்கள். சாதாரண 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், மானிட்டரும் அதில்தான் தொங்குகிறது.

மச்சினன் கார்டில் ஒன்றாம் எண் கம்பெனி நிலை, இரண்டாம் எண் வோல்டேஜ் இறக்கியது, மூன்றாம் எண் முழு ஏற்றம். மூன்றை மழைக்காலத்துக்கு என்று வைத்தோம். மழைக்காலம் வந்தது, படகும் கடலுக்குப் போனது; அவனுக்கு ஆட நேரமில்லை. கம்ப்யூட்டர் மூடிக்கிடந்தால் உப்புக் கசியும் என்று சொல்லியிருந்ததால், என் தங்கை தினமும் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அதையும் ஒரு மணி நேரம் போட்டு வைக்கிறாள், சீரியல் பார்க்க. ஓடுவது இரண்டாம் எண். 44 டிகிரியைத் தாண்டுவதில்லை.